பச்சை ஜாடியில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நலம். தங்கள் நலமும் தங்கள் வீட்டுக்காரர் நலமும் அறிய ஆவல்.

பிள்ளைகள் இருவரும் விமானம் ஏறிப் பதினொரு நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்ததும் என் பெண் எனக்கு ஓர் உத்தரவு போட்டாள். "இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக்க வேணாம்மா. எழுதிக்கோங்க. எழுதும்போதாவது ஆள் கொஞ்சம் நிதானமா இருப்பாங்க." மாப்பிள்ளையும் இதையே தங்களிடம் சொல்லியிருப்பார். அதனால்தான் இந்தக் கடிதம். கடைசியாகப் போனில் பேசிய அன்று பேச்சு பாதியில் நின்றது லைன் கட் ஆனதால். தாங்கள் வேறு மாதிரி நினைத்திருக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தின்போது என் சேகரிப்பிலிருந்து ஐந்து பாத்திரங்களை என் பெண்ணுக்குக் கொடுத்தேன். அவற்றில் நான்கில் மாப்பிள்ளை செடி வைத்துவிட்டார். வீட்டைக் காலி செய்தபோது செடியும் பாத்திரமுமாகத் தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. செடியை எடுத்துவிடுங்கள் என்றேன். "எம் பையன் வளர்த்த செடி, அது இருக்கற இடத்துலதான் இருக்கும்" என்றீர்கள். சரி, இருக்கட்டும். ஆனால் சில விஷயங்களைத் தாங்கள் செய்துதான் ஆக வேண்டும். முப்பத்தொரு வருஷம் அருங்காட்சியகத்தில் பொருட்களைப் பொட்டலம் கட்டி ஊர் ஊராக அனுப்பியவள் சொல்கிறேன், கேளுங்கள்.

மண்ணை நேராகப் பாத்திரத்தில் போடக் கூடாது. செடி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியில் இருக்க வேண்டும், அந்தத் தொட்டிதான் பாத்திரத்துக்குள் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது தொட்டியை வெளியே எடுத்து, ஊற்றி, நன்றாக வடிந்த பிறகு திரும்ப வையுங்கள். பழுப்பு நிறக் குண்டுப் பானைக்கு உள்ளே பூச்சு கிடையாது. ஈரம் பட்டால் வெளிப்புறத்தில் உப்புப் பூத்துவிடும், பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது. வெள்ளைக் குவளையின் பூச்சில் மயிரிழை மாதிரி விரிசல்கள் உண்டு. உரத் தண்ணீர் அதில் இறங்கினால் கறைதான். ஜன்னல் வெயில் எதற்கும் ஆகாது. அடியில் கம்பளித் துண்டு வையுங்கள்.

ஐந்தாவது, பச்சை ஜாடி. அதில் செடி வேண்டாம். மண் வேண்டாம். தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். காலியாக, உயரமான அலமாரியில் இருக்கட்டும். ஏன் என்று கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
மருமகளின் தாயார்


ஜனவரி 17

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கவரைப் பிரிக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. நாலு பக்கமும் டேப், உள்ளே இரண்டு அட்டை, அதற்கு நடுவில் கடிதம். ஒரு காகிதத்தையே இப்படி அனுப்புகிறவர் பீங்கானை எப்படி வைத்திருந்திருப்பார் என்று எங்கள் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். நான் பல் டாக்டர் இல்லையா, பிளந்த வாயைப் பார்த்ததும் கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தையைக் கண்டுபிடித்துவிட்டேன். அதற்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

லைன் கட் ஆனதென்று எழுதியிருந்தீர்கள். எனக்கு "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டது. லைன் கட் ஆகும்போது உங்கள் பக்கத்தில் அப்படிச் சத்தம் வரும்போலிருக்கிறது. போகட்டும்.

நீங்கள் சொன்னதெல்லாம் செய்தாயிற்று. கடைக்குப் போய் நாலு அளவில் பிளாஸ்டிக் தொட்டி வாங்கினேன். குண்டுப் பானையிலிருந்து பாம்புச்செடியை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைவாய்ப் பல் பிடுங்கினால்கூட இவ்வளவு நேரம் ஆகாது. வேர் சுற்றிச் சுற்றி உள்ளே பானை வடிவத்திலேயே உட்கார்ந்திருந்தது. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் பானையை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். நீங்கள் சொன்னது நியாயம்தான் என்று அப்போது தோன்றியது. இதை என் பையனிடம் சொல்லிவிடாதீர்கள்.

அடியில் வைக்கக் கம்பளித் துண்டுக்கு எங்கே போவது என்று யோசித்தேன். பல் செட்டைப் பாலிஷ் போட கிளினிக்கில் கம்பளிச் சக்கரம் வைத்திருக்கிறோம். அதையே வட்ட வட்டமாக நறுக்கி வைத்துவிட்டேன். கச்சிதமாக இருக்கிறது.

பிரச்சினை எங்கள் வீட்டுக்காரர்தான். நாடு முழுக்க நிலம் அளந்த சர்வேயர், ஒரு டம்ளர் தண்ணீரை அளந்து ஊற்றத் தெரியவில்லை. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. கேட்டால், "பாவம்டி, வாடியிருந்துச்சு" என்கிறார். செடிகளுக்குப் பக்கத்தில் 'ஊற்றாதே' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

வெள்ளைக் குவளையில் ஏற்கனவே லேசாக ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. பல் வெளுக்கிற மருந்து என்னிடம் உண்டு. தடவிப் பார்க்கலாமா?

பச்சை ஜாடி நலமாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


ஜனவரி 25

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். பல் வெளுக்கிற மருந்தை எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். குவளையின் பக்கம் அது போகவே கூடாது. கறை இருந்தால் இருக்கட்டும். வடித்த தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

கம்பளிச் சக்கரம் நல்ல யோசனை. நாங்கள் அருங்காட்சியகத்தில் இதற்காகத் தனியாக எழுதிக் கேட்டு மூன்று மாதம் காத்திருப்போம். சாயம் போகிற கம்பளியா என்று மட்டும் ஈரத்துணியில் வைத்துப் பார்த்துவிடுங்கள். வேரைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்தக் குண்டுப் பானையை நான் வாங்கிக்கொண்டு வந்தபோது ரயிலில் பதினாறு மணி நேரம் மடியில் வைத்திருந்தேன். பத்திரமாக எடுத்ததற்கு நன்றி.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வழி சொல்கிறேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை முழுக்க அவரிடமே கொடுத்து, கூடவே ஒரு நோட்டும் கொடுங்கள். ஊற்றினால் தேதி எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றால் ஆண்கள் பாதி வேலையை விட்டுவிடுவார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் இதை நன்றாகச் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நான்கு பாத்திரங்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பச்சை ஜாடியைப் பற்றி ஒரே வரி. நீங்கள் ஒரு வரியில் நிறுத்துகிற ஆள் இல்லை என்று இந்த ஒரு கடிதத்திலேயே தெரிந்துகொண்டேன். படம் எடுத்து அனுப்புங்கள்.

மருமகளின் தாயார்


பிப்ரவரி 3

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நோட்டு யோசனை பலித்துவிட்டது! முதல் நாள் எழுதினார். இரண்டாம் நாள் எழுதினார். மூன்றாம் நாள், "நான் என்ன ஆபீஸுக்கா வந்திருக்கேன்?" என்று நோட்டை வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். செடியெல்லாம் நிம்மதியாக மூச்சு விடுகிறது.

கம்பளியில் சாயம் போகவில்லை. சோதித்துவிட்டேன்.

படங்களைக் கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். குண்டுப் பானையும் பாம்புச்செடியும் கண்ணாடிக்கு முன்னால் கம்பீரமாக நிற்கிறார்கள், பாருங்கள். வெள்ளைக் குவளையில் மணிபிளான்ட், நீலக் கோடு போட்ட கிண்ணத்தில் சின்னச் செடி, காது வைத்த ஜாடியில் ஏதோ கோடு கோடாக ஒன்று, பெயர் வாயில் நுழையவில்லை. பச்சை ஜாடி உயரமான அலமாரியில் இருப்பதால் படம் எடுக்க வசதிப்படவில்லை. ஏணி ஏறினால் எனக்குத் தலை சுற்றும். அடுத்த தடவை பார்க்கலாம்.

என் கிளினிக்கில் குழந்தைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் உங்களுக்குத் தெரியுமா? 'குறடு டாக்டர்'. நேற்று இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு வாண்டு, "குறடு டாக்டர், உங்க செடிக்கு ஏன் ரெண்டு சட்டை போட்டிருக்கீங்க?" என்று கேட்டது. ஒன்று வீட்டுச் சட்டை, ஒன்று வெளியே போகிற சட்டை என்றேன். ஒப்புக்கொண்டு வாயைத் திறந்துவிட்டது.

அன்புடன்,
குறடு டாக்டர்


பிப்ரவரி 10

சம்பந்தி அம்மாவுக்கு,

படங்கள் வந்தன. முதல் படத்தில் குண்டுப் பானைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அதில் எதிர்ச்சுவர் தெரிகிறது. எதிர்ச்சுவர் ஓரமாக ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் என் பச்சை ஜாடி. ஜாடிக்குள் செடி.

உயரமான அலமாரி எங்கே? ஏணி எங்கே?

பதில் எழுதுங்கள். நலமாக இருக்கிறது என்று மட்டும் எழுதாதீர்கள்.


பிப்ரவரி 16

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வாயைத் திறந்து உட்காரும் பேஷண்டுகளிடம் நான் தினமும் சொல்வது, "மறைக்காதீங்க, எவ்வளவு மறைக்கிறீங்களோ அவ்வளவு வலிக்கும்" என்பது. எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எதையாவது பிடித்துக்கொண்டு படியுங்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் என் பையன் பச்சை ஜாடியில் பெரணிச் செடி வைத்திருக்கிறான். நேராக மண்ணைப் போட்டு. மருமகளுக்கு இது தெரியாது, மூட்டை கட்டும் அவசரத்தில் அவள் பார்க்கவில்லை. ஜாடி இங்கே வந்த நாலாம் நாள் கூடத்தில் ஒரு நாற்றம். விரலை விட்டுப் பார்த்தால் அடியில் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. எங்கள் வீட்டுக்காரரின் கைங்கரியம் அதில் பாதி. செடியின் வேர் அழுகத் தொடங்கியிருந்தது. என் பையன் அந்தப் பெரணியை ஒரு இலையிலிருந்து வளர்த்தான் அம்மா. எனக்கு அது செடியாகவே தெரியவில்லை. அவன் போய் நாலு நாள்தான் ஆகியிருந்தது, சாப்பாடு இறங்காமல் கிடந்தேன், அந்த நேரத்தில் இது வேறு வாடிக்கொண்டு நின்றது.

தண்ணீர் வடிய வழி இல்லாததுதானே நோய்? வழி பண்ணினால் போயிற்று என்று நினைத்தேன். உங்கள் முதல் கடிதம் வருவதற்கு ஒன்பது நாள் முன்னால் இது. ஜாடியைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கைத் திருப்பி, பல் துளைக்கும் மிஷினில் வைர முனையைப் போட்டு, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே, அடியில் வட்டமாக அறுத்து எடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் அவ்வளவு சுத்தமான வேலை நான் செய்ததில்லை. ஓரத்தில் ஒரு பிசிர் கிடையாது. என் நர்ஸ் கைதட்டினாள். ஒன்பது நாள் கழித்து உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

அறுத்தெடுத்த வில்லையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பல் விழுந்த குழந்தைகளுக்குப் பல்லைப் போட்டுக் கொடுக்கும் சின்ன டப்பி அது. அதில்தான் சரியாகப் பொருந்தியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுத்து முடித்துவிட்டு உள்ளே விளக்கடித்தபோது ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. விரிசல் விழுந்த பல்லில் வரும் கோடு மாதிரி. சந்தேகப்பட்டு எக்ஸ்ரே எடுத்தேன். பல்லுக்கு எடுக்கும் குட்டிப் படம், பதினொரு படம் எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன். அந்த ஜாடி முன்னால் ஒரு காலத்தில் மூன்று துண்டாக உடைந்திருக்கிறது. யாரோ ஒட்டி, வெளியே கண்ணுக்குத் தெரியாதபடி வண்ணம் பூசியிருக்கிறார்கள். பசை மட்டமான பசை. தண்ணீர் நின்ற ஒரு விரல் உயரத்துக்கு அது கொழகொழவென்று ஊறியிருந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் ஜாடி கையோடு பிரிந்து வந்திருக்கும்.

உங்களை எவனோ நன்றாக ஏமாற்றி விற்றிருக்கிறான். எனக்கு அவன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

துளை போட்டதற்கு என்னை மன்னிக்க வேண்டாம். மறைத்ததற்கு மட்டும் மன்னித்துவிடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 8

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

மூன்று வாரமாக உங்கள் பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் என்னைப் பார்த்ததுமே இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். நேற்று அவரே பாவப்பட்டு, "போன் பண்ணிப் பாருங்களேம்மா" என்றார். எங்களுக்குத் தடை போட்டிருக்கிறார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பெரணியை ஜாடியிலிருந்து எடுத்துவிட்டேன். அது இப்போது பிளாஸ்டிக் தொட்டியில், ஒற்றைச் சட்டையோடு, சமையலறையில் இருக்கிறது. பிழைத்துக்கொண்டது, சுருள் சுருளாக ஏழு புதுத் துளிர். ஜாடியைச் சுத்தமான துணியில் சுற்றி எக்ஸ்ரே அறையில் வைத்திருக்கிறேன். வெயில் இல்லை, ஈரம் இல்லை, எங்கள் வீட்டுக்காரர் நுழைய முடியாத ஒரே இடம்.

பிள்ளைகள் மே மாதம் பத்து நாள் விடுப்பில் வருகிறார்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். மருமகள் முதலில் கேட்கப்போவது அந்த ஜாடியைத்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று அந்தப் பெண் கண்ணைக் கசக்குவதை என்னால் பார்க்க முடியாது. திட்டியாவது எழுதுங்கள். திட்டுவதற்கு உங்களுக்கு ஒரு பக்கம் போதாது என்றால் நான் தாள் வாங்கி அனுப்புகிறேன்.

குறடு


மார்ச் 19

அன்புள்ள குறடு டாக்டர் அவர்களுக்கு,

திட்டுவதற்காக மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். முதல் கடிதத்தில் நல்ல வசவு சில இருந்தன, கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

என்னை யாரும் ஏமாற்றவில்லை. அந்த ஜாடியை உடைத்தது நான்.

இருபத்தாறு வருஷம் முந்தைய கதை. ஒரு கண்காட்சிக்காகப் பெட்டிகளோடு மூன்று மாதம் வெளியூர் போகச் சொன்னார்கள். என் வேலையிலேயே பெரிய வாய்ப்பு. பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டைப்ரைட்டர் மெக்கானிக். யாருடைய மிஷினையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "போயிட்டு வா, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இன்றைக்கு யோசித்தால் அதைவிட நல்ல பதிலை எந்தப் புருஷன் சொல்வான்? ஆனால் அன்றைக்கு, 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று ஆத்திரம் வந்தது. சொல்லியிருந்தால் அதற்கும் சண்டை போட்டிருப்பேன். பக்கத்தில் பச்சை ஜாடி இருந்தது. எடுத்துச் சுவரில் எறிந்தேன். ஊரார் பொருளுக்கெல்லாம் பஞ்சு சுற்றினவள், என் வீட்டுப் பொருளை எறிந்தேன்.

அவர் துண்டுகளைப் பொறுக்கினார். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒட்டினார். சுற்றிலும் கயிறு கட்டி, நடுவில் பென்சிலைச் செருகி முறுக்கி, ஒரு மிஷினைச் சரி பண்ணுகிற மாதிரியே. அவர் எடுத்தது தச்சுப் பசை. மரத்துக்குப் போடுவது. பார்த்ததுமே எனக்குத் தெரியும், அது தப்பான பசை, தண்ணீர் பட்டால் விட்டுவிடும் என்று. சொல்ல வாய் வரவில்லை.

ஒட்டி முடித்து, "பாரு, தெரியுதா?" என்று கேட்டார். அறைக்கு அந்தக் கோடியிலிருந்தே தெரிந்தது. "தெரியல" என்றேன். என் வாழ்நாளில் நான் கொடுத்த ஒரே பொய்ச் சான்றிதழ் அது. பிறகு அவர் கடைக்குப் போயிருக்கும் மதிய வேளைகளில், வெளியே தெரிந்த கோட்டின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக வண்ணம் பூசி மறைத்தேன். ஒரு வாரம் பிடித்தது. ஒருநாள் துடைக்கும்போது அவர் சொன்னார், "பார்த்தியா, காயக் காயத் தானா மறைஞ்சிடுச்சு." சாகிறவரைக்கும் அப்படித்தான் நம்பினார். அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார். அது எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பசையை எடுத்துவிட்டுச் சரியான பசையால் ஒட்ட எனக்கு அரைநாள் போதும். ஒட்டவில்லை. கல்யாணத்தின்போது என் பெண், "அப்பா துடைப்பாரே, அந்தப் பச்சை ஜாடி எனக்கு வேணும்" என்று கேட்டாள். எப்படி மாட்டேன் என்பது? ஏன் தண்ணீர் ஆகாது என்று சொல்லப் போனால், அம்மா ஜாடியைத் தூக்கி எறிந்தாள் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் என்னை எதையும் உடைக்காத அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீம்பில் வாயை மூடிக்கொண்டேன். மூடியதன் பலன், மாப்பிள்ளை அதில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் டப்பியைத் திறந்தேன். ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் வெறும் களிமண் நிறம். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதேன். கோபத்தில் அழுகிறேன் என்றுதான் நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் துளை போடாமல் இருந்திருந்தால், என் கடிதம் வந்து, நீங்கள் ஜாடியை அலமாரிக்கு ஏற்றத் தூக்கும்போது அது உங்கள் கையில் மூன்றாகப் பிரிந்திருக்கும். அவருடைய கைவேலையில் அந்த ஒரு விரல் உயரத்துக்கு மேலே இருப்பதெல்லாம் இன்னும் இறுகத்தான் இருக்கிறது. அது உங்கள் துளையால்.

இதை எழுதுவதற்குத்தான் ஒரு மாதம் ஆயிற்று.

அன்புடன்,
பானைக்காரி

(எங்கள் தெருவில் எனக்கு அதுதான் பெயர். உங்களுக்கு மட்டும்தான் பட்டப்பெயர் உண்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.)


மார்ச் 28

அன்புள்ள பானைக்காரி அக்காவுக்கு,

அக்கா என்று எழுதிவிட்டேன். நீங்கள் என்னைவிட நாலு வயது மூத்தவர் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். வேண்டாமென்றால் அடித்துவிட்டுப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கிளினிக்கில் வைத்துப் படித்தேன். அடுத்த பேஷண்ட் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டாக்டர், உங்களுக்குப் பல் வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மட்டமான பசை என்று எழுதினேனே, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் பசையைத்தான் தப்பாக எடுத்தார், மற்றதெல்லாம் சரியாகச் செய்தார். எக்ஸ்ரே படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இணைப்பு ஓர் இடத்தில்கூட ஏறி இறங்கவில்லை. பென்சிலை வைத்து முறுக்கினார் என்று எழுதினீர்களே, அது தெரிகிறது. அவரைக் கிளினிக்கில் உதவிக்கு வைத்திருந்தால் நான் இன்னும் இரண்டு நாற்காலி போட்டிருப்பேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவரிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. கேட்டுவிட்டு எழுந்து போய்ச் செடி நோட்டை எடுத்து, விட்டுப்போன நாளுக்கெல்லாம் 'ஊற்றவில்லை', 'ஊற்றவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு வருத்தம் வந்தால் அப்படித்தான் ஏதாவது செய்வார்.

இப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஊறிப்போன அந்த ஒரு விரல் உயரத்தை என்ன செய்வது? பல்லுக்குத் தொப்பி மாட்டும் சிமெண்ட் என்னிடம் இருக்கிறது. சுடுகாப்பி, ஐஸ்கிரீம், பாக்கு எல்லாவற்றையும் தாங்கும். தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வில்லையைத் திருப்பி அனுப்பினால் துளையையும் அடைத்து, பூச்சின் நிறத்துக்கே நிறம் சேர்த்துத் தருகிறேன். உங்கள் பூதக்கண்ணாடிகூடத் திணறும். இல்லை, கையே வைக்காதே என்றால் வைக்கமாட்டேன். உங்கள் பதில் வரும்வரை எக்ஸ்ரே அறைச் சாவி என் இடுப்பில்.

பிள்ளைகள் வர இன்னும் ஆறு வாரம். மருமகளிடம் என்ன சொல்வது?

அன்புத் தங்கை,
குறடு


ஏப்ரல் 5

அன்புள்ள தங்கைக்கு,

அடிக்கவில்லை. அக்கா என்றே இருக்கட்டும்.

ஊறிய இடத்தை மட்டும் உங்கள் சிமெண்ட்டால் ஒட்டுங்கள். பழைய பசையைச் சுரண்டும்போது, அது இறுகத் தொடங்குகிற இடத்தில் கையை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அவர் ஒட்டியது அப்படியே இருக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்று உங்கள் கைக்குத் தெரியும். பல்லில் சொத்தை எங்கே முடிகிறது என்று தெரிகிற கைதானே. நான் இதுவரை என் பொருளை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்காமல் இருந்ததே இல்லை. இதற்கு நிற்கப்போவதில்லை.

துளையை அடைக்க வேண்டாம். வில்லை என்னிடமே இருக்கட்டும். அந்தப் பல் டப்பியோடு அவருடைய மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

பெரணியைத் திரும்ப அந்த ஜாடியிலேயே வையுங்கள். பிளாஸ்டிக் தொட்டியோடு, அடியில் உங்கள் கம்பளி வட்டத்தோடு. மாப்பிள்ளை வரும்போது அவர் வைத்த இடத்தில் அது இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றத் தொட்டியை வெளியே எடுக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்காரரை எனக்கு இப்போது ஓரளவு தெரியும். அவர் என்றைக்காவது பாவம் பார்த்து நேராக ஊற்றிவிடுவார். ஊற்றினால் வடிந்து போகட்டும். அதற்குத்தான் துளை.

ஜாடியை எறிந்ததை என் பெண்ணிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். வந்த முதல் நாளே சொல்லிவிடுவேன். சொல்லும்போது அப்பா மூன்று சாயங்காலம் ஒட்டியதையும் சேர்த்துச் சொல்ல முடியும் அல்லவா? அது அவளுக்குத் தெரியாமல் இத்தனை நாள் வைத்திருந்தேனே என்றுதான் இப்போது ஆற்றாமையாக இருக்கிறது.

துளையைப் பற்றி அவள் கேட்டால், நான் சொல்லித்தான் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். பொய்தான். ஒரு சான்றிதழ் ஏற்கனவே கொடுத்தாயிற்று, இது இரண்டாவது. அவள் நம்பமாட்டாள். என் பொருளில் துளை போட நான் சொல்வேனா? உடனே எனக்குப் போன் பண்ணிக் கேட்பாள். கேட்கட்டும், ஆமாம் என்பேன். பேசி முடித்ததும் நீங்கள் அவள் கையிலிருந்து போனை வாங்குங்கள். தடை போட்டவள் எதிரிலேயே பேசுவோம், அவள் முகம் போகிற போக்கை எனக்குச் சொல்லுங்கள்.

அந்த "டொக்" சத்தம் நீங்கள் நினைத்ததுதான். இந்த முறை லைன் கட் ஆகாது.

அன்புடன்,
உங்கள் அக்கா